குடியானவர் வீடும் இன்ஷ்யூரன்ஸ் பாதுகாப்பும்

உடையார்பாளையம் தாலூகாவின் தலைமை ஸ்தலமாகிய ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள பூமி ஒரே தன்மையுடையதன்று. செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரித் தோப்புகள் நெருங்கி நிற்கின்றன. தெற்கே தா.பழூர்ப் பக்கம் கொள்ளிடக்கரையை ஒட்டி நெல்லும் கரும்பும் விளைகின்றன. மேற்கே அரியலூரை நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் தலைப்படுகின்றது. நிலம் மாறுவதற்கேற்ப வீட்டுக்கு நேரும் ஆபத்தும் மாறுகின்றது. மேட்டு நிலத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரை மாதங்களின் மேல்காற்றில் ஓலைக்கூரைகள் தீப்பற்றுகின்றன. கொள்ளிடக்கரையில் 2005, 2018, 2022 ஆகிய வருஷங்களில் வந்தது போன்ற பெருவெள்ளத்தால் சுவர்கள் ஊறிச் சாய்கின்றன. கரிசலில் கோடைக்கு வெடித்தும் மழைக்குப் பொதுமியும் அசைகின்ற மண்ணால் அஸ்திவாரம் பிளக்கின்றது. புயலோ எந்நிலத்தையும் விடுவதில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், அண்டையிலுள்ள கடலூர் ஜில்லாவில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள்.

பயிருக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டென்பதைக் குடியானவர்கள் இப்பொழுது நன்கு அறிவார்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பிரீமியம் கட்டி ரசீது பெற்றுவருவதும் பழக்கமாகிவிட்டது. ஆனால் தாம் குடியிருக்கும் வீட்டைக் குறித்து அவ்வித ஏற்பாடு செய்துகொண்டவர் மிகச் சிலரே. வீடு எரிந்துவிட்டால் சர்க்கார் கொடுக்கும் என்ற எண்ணம் ஒரு காரணம். ஏற்கெனவே ஏதோ ஓர் இன்ஷ்யூரன்ஸுக்கு வங்கியில் பணம் பிடிக்கிறார்களே, அது வீட்டுக்கும் சேர்ந்ததுதான் என்ற மயக்கம் மற்றொரு காரணம். இவ்விரண்டையும் முதலில் ஆராய்வது நலம்.

சர்க்கார் உதவி எவ்வளவு?

இயற்கைச் சேதங்களுக்கு நிவாரணம் வழங்குவதற்காக மத்திய சர்க்கார் 2022 முதல் 2026 வரையிலான காலத்திற்கு வகுத்த விதிகளின்படி, சமவெளிப் பிரதேசத்தில் முழுதும் இடிந்துபோன வீட்டுக்கு ரூ. 1,20,000-மும், குடிசைக்கு ரூ. 8,000-மும், வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்கு ரூ. 3,000-மும் நிர்ணயிக்கப்பட்டன. ஒரு பகுதி மட்டும் சேதமான கெட்டி வீட்டுக்கு ரூ. 6,500. இத்தொகைகள் இழந்ததைத் திரும்பக் கட்டித் தருவதற்காக ஏற்பட்டவை அல்ல. நிர்க்கதியாக நிற்பவர்களுக்கு உடனடியான ஆறுதலாக அளிக்கப்படுபவை. புயல், வெள்ளம் முதலியன அல்லாமல் ஒரு வீட்டில் மாத்திரம் அடுப்புத் தீயால் நேர்ந்த நஷ்டத்திற்கு இவ்வளவும் எதிர்பார்ப்பதற்கில்லை. வட்டாட்சியர் மூலம் சிறு தொகையும் அரிசி, வேட்டி, சேலையுமே கிடைக்கும்.

இதனை வீடு கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குடிசைகளை ஒழித்துக் கெட்டி வீடுகள் ஆக்குவதற்காக 2024-ல் தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியுள்ள ஒரு வீட்டுக்கு ரூ. 3,50,000 ஒதுக்கப்பட்டது. அத்தொகைக்கு மேல் கைப்பணம் போட்டே பலர் வீட்டை முடித்திருக்கிறார்கள் என்பது கிராமத்தில் யாவரும் அறிந்தது. நகையை அடகு வைத்தும் முந்திரிக் காசை முன்பணமாக வாங்கியும் கட்டிய அவ்வீடு ஒரு நாள் இரவில் கருகிப்போகுமானால், இரண்டாவது முறை கட்டித்தருவார் எவரும் இல்லை. ஓலைக்குடிசை எரிந்தால் பத்து நாளில் கீற்று வாங்கி மறுபடி வேய்ந்துகொள்ளும் காலம் ஒன்று இருந்தது. தளம் போட்ட வீட்டுக்கு அவ்வித மாற்று இல்லை. வீடு உயர உயர நஷ்டமும் உயர்ந்துவிட்டது.

வேறு இன்ஷ்யூரன்ஸுகள் வீட்டைக் காக்குமா?

வங்கிக் கணக்கிலிருந்து வருஷந்தோறும் ரூ. 20 பிடிக்கப்படுவது விபத்தால் நேரும் மரணத்திற்கும் அங்ககீனத்திற்குமான பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, ரூ. 436 பிடிக்கப்படுவது ஆயுளுக்கான ஜீவன் ஜோதி பீமா. இரண்டும் மனிதரைப் பற்றியவை. வீட்டின் ஒரு செங்கல்லுக்கும் அவற்றில் இடமில்லை. 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர் இன்ஷ்யூரன்ஸோ வயலிலுள்ள பயிரைப் பற்றியது. அறுத்துக் காய்வதற்காக வயலில் பரப்பிய கதிர் புயலிலும் பருவந்தவறிய மழையிலும் கெட்டால் அறுவடை நாள் முதல் 14 நாள் வரை அதில் வழி உண்டு. நெல் மூட்டையாகி வீட்டுத் திண்ணைக்கு ஏறிய பின் அப்பாதுகாப்பு தொடர்வதில்லை.

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் விஷயத்தில் மயக்கம் இன்னும் அதிகம். கடன் கொடுக்கும்பொழுது இன்ஷ்யூரன்ஸ் என்று சொல்லி ஒரு பெருந்தொகையைச் சேர்த்துவிடுவதுண்டு. அது பெரும்பாலும் கடனாளி இறந்தால் கடன் தீர்வதற்கான ஆயுள் பாலிஸியாகவே இருக்கும். கட்டிடத்திற்கும் தனியே பாலிஸி எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். பாலிஸிக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, காப்புச் செய்யப்பட்டது ஆளா, கட்டிடமா என்று பார்த்தறிவதே தகுந்தது. கட்டிடத்திற்கே எடுத்ததாயினும் வங்கியின் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். நஷ்ட ஈடு வந்தால் நின்றுள்ள கடனுக்கு முதலில் வங்கியே உரியதாகும்.

சமையல் எரிவாயு உபயோகிப்பவர்களுக்கு அவர்கள் அறியாமலே ஒரு பாதுகாப்பு இருந்துவருகின்றது. எண்ணெய்க் கம்பெனிகள் தம் வாடிக்கைக்காரர்களின் பொருட்டு எடுத்துவைத்துள்ள பொதுப் பொறுப்பு இன்ஷ்யூரன்ஸ் அது. பதிவு செய்த வீட்டில் எரிவாயுவால் விபத்து நேர்ந்து சொத்து நஷ்டமானால் ஒரு விபத்துக்கு ரூ. 2,00,000 வரையிலும், உயிர்ச்சேதத்திற்கு ஆளொன்றுக்கு ரூ. 6,00,000 வரையிலும் ஈடு கோரலாம். இதற்கென்று தனிப் பிரீமியம் கிடையாது. விபத்து நேர்ந்த உடனே எழுத்து மூலமாக வினியோகஸ்தருக்குத் தெரிவிக்கவேண்டும். எனினும் எரிவாயு காரணமாக நேர்ந்ததற்கு மட்டுமே இது பயன்படும்; மின்னல், மின்கசிவு, பக்கத்து வீட்டுத் தீ, வெள்ளம் இவற்றிற்கு உதவாது.

வீட்டு இன்ஷ்யூரன்ஸ் வந்த விதம்

1666-ல் லண்டன் நகரில் நான்கு நாட்கள் எரிந்த பெருந்தீயில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பல வீட்டார் கூடிச் சிறு சிறு தொகை செலுத்தி, அவர்களில் எவருக்கேனும் தீ நேர்ந்தால் அப்பொது நிதியிலிருந்து ஈடு செய்யும் தொழில் அதன் பின்னரே அங்கே வலுப்பெற்றது. இந்தியாவில் 1850-ல் கல்கத்தாவில் ட்ரைடன் கம்பெனி ஏற்பட்டது. இன்ஷ்யூரன்ஸ் சட்டம் 1938-ல் இயற்றப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா கம்பெனியும் அவ்வருஷத்திலேயே தோன்றியது. 1973-ல் இத்தொழில் முழுதும் சர்க்கார் வசமாகி, 2000-க்குப் பின் தனியார் கம்பெனிகளுக்கும் திறந்துவிடப்பட்டது.

முன்னெல்லாம் ஒவ்வொரு கம்பெனியின் பாலிஸியிலும் வாசகம் வேறுவேறாக இருந்தது. வக்கீல்களுக்கே விளங்காத ஷரத்துக்களும் இருந்தன. இக்குறையை நீக்குவதற்காக இன்ஷ்யூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பெயரால் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிஸியை வகுத்து, 2021-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் தீ இன்ஷ்யூரன்ஸ் நடத்தும் எல்லாப் பொதுக் கம்பெனிகளும் அதனை வழங்கவேண்டுமென உத்தரவிட்டது. எக்கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஷரத்துக்கள் ஒன்றே. பிரீமியம் மாத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கெட்டி வீடாயின் பத்து லக்ஷ ரூபாய்க்கு வருஷத்திற்குச் சில நூறு ரூபாய் அளவே ஆகும். தேரோட்டத்தின்போது ஒரு குடும்பம் கடைத்தெருவில் செலவிடுவதை விட அது அதிகமன்று.

எவையெவை அடங்கும்?

தீ, வெடிப்பு, மின்னல், பூகம்பம், புயல், சூறைக்காற்று, வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு, நிலம் உள்ளிறங்குதல், காட்டுத்தீ, வண்டி மோதுதல், மரம் முறிந்து விழுதல், கலகம், பிறர் வேண்டுமென்றே செய்யும் நாசம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகுதல் ஆகியவற்றால் நேரும் சேதம் இப்பாலிஸியில் அடங்கும். வீடு என்ற சொல்லும் விரிந்த பொருளிலேயே வழங்கப்பட்டுள்ளது. சுற்றுச்சுவர், வேலி, கதவு, வீட்டைச் சேர்ந்த புறக்கட்டிடம், மேல்நிலைத் தொட்டி, கழிவுத்தொட்டி, மின்கம்பி அமைப்பு, கூரைமேல் வைத்த சூரியசக்தித் தகடு ஆகியவையும் கட்டிடத்தில் சேர்ந்தவையே. மாட்டுக்கொட்டகை வீட்டை ஒட்டியதாயின் அதனையும் விண்ணப்பத்தில் தனியே குறித்துவிடுவது பிற்காலத் தர்க்கத்தைத் தவிர்க்கும்.

கட்டிடத்திற்குப் பாலிஸி எடுத்தால், அக்காப்புத் தொகையில் நூற்றுக்கு 20 வீதம், ரூ. 10,00,000-க்கு மேற்படாமல், வீட்டினுள் உள்ள சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு கிடைக்கின்றது. பாலிஸி எடுக்கும்பொழுது சாமான் ஜாபிதா கொடுக்கவேண்டியதில்லை. கட்டில், பீரோ, துணிமணி, தொலைக்காட்சி, குளிர்பெட்டி, பாத்திரம் முதலிய இல்வாழ்க்கைக்குரிய பொருள்கள் இதில் அடங்கும். வீடு குடியிருக்கத் தகாமல் போன காலத்தில் வேறிடத்திற்குக் கொடுக்கும் வாடகையும், இடிபாடுகளை அகற்றும் செலவாக ஈட்டுத் தொகையில் நூற்றுக்கு 2 வரையிலும் சேர்த்துக் கோரலாம். பக்கத்து வீட்டிலிருந்து பரவிய தீயாயினும், நம் வீட்டார் அடுப்பை அணைக்க மறந்ததால் உண்டான தீயாயினும் ஈடு உண்டு. சாதாரணமான மறதியைக் கம்பெனி குற்றமாகக் கொள்வதில்லை. வேண்டுமென்றே வைத்த தீக்கும், கண்ணெதிரே ஆபத்தைக் கண்டும் காணாதது போல் விட்ட பெரும் அசட்டைக்குமே ஈடு மறுக்கப்படும்.

எவையெவை அடங்கா?

நஷ்டம் நேர்ந்த பிறகே பெரும்பாலோர் இப்பகுதியைப் படிக்கிறார்கள். முதலாவது திருட்டு. கதவை உடைத்துத் திருடன் கொண்டுபோனதற்கு இவ்வடிப்படைப் பாலிஸியில் ஈடு இல்லை. மேற்கூறிய விபத்துக்களில் ஒன்று நேர்ந்து, அதன் காரணமாக வீடு திறந்து கிடக்கையில், விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்குள் களவுபோன பொருளுக்கே ஈடு உண்டு. சாதாரணத் திருட்டுக்கும் பாதுகாப்பு வேண்டுவோர் அதற்கான தனிப் பாலிஸியையோ, பல பிரிவுகள் சேர்ந்த இல்லத்தார் பாலிஸியையோ கேட்டு எடுக்கவேண்டும்.

இரண்டாவது ரொக்கமும் பத்திரங்களும். முந்திரி விற்ற பணம் பெட்டியில் இருந்து எரிந்தது என்று சொல்வதில் பயனில்லை. நோட்டு, நாணயம், காசோலை, கிரயப் பத்திரம் முதலியன அடங்கா. நகை இயல்பாகச் சேராது. விலையுயர்ந்த பொருள்களுக்கான விருப்பப் பிரிவை எடுத்தால்தான் சேரும். அப்பிரிவில் மொத்தத் தொகை ரூ. 5,00,000-க்கும் தனிப் பொருள் ஒவ்வொன்றும் ரூ. 1,00,000-க்கும் மேற்படாவிடில் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. தங்கம் இன்று விற்கும் விலையில் ஒரு சங்கிலியே அவ்வெல்லையைத் தாண்டிவிடுமாதலால் சான்று வாங்கிவைப்பதே உசிதம்.

மூன்றாவது விவசாய சம்பந்தமான பொருள்கள். குடியானவனுக்கு வீடும் களமும் களஞ்சியமும் ஒன்றே. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு அவை வெவ்வேறு. விற்பனைக்காக அடுக்கிய நெல் மூட்டைகள், முந்திரிக்கொட்டை மூட்டைகள், உரம், விதை இவை வீட்டுச் சாமான்கள் ஆகமாட்டா. வியாபாரச் சரக்காகவே கொள்ளப்படும். அவற்றிற்கு, சொத்து மதிப்பு ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழில்களுக்கென 2021-லேயே ஏற்பட்ட பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் வேறு பாலிஸி உண்டு. டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வாகனப் பாலிஸியைச் சேர்ந்தவை. ஆடு மாடுகளுக்குக் கால்நடைத் துறை மூலம் தனி இன்ஷ்யூரன்ஸ் செய்யவேண்டும். வயலிலுள்ள பம்ப்செட்டும் வீட்டுப் பாலிஸியில் வராது. வைக்கோற்போரை வீட்டுச் சுவரோடு சேர்த்துப் போடும் வழக்கம் இப்பக்கத்தில் மிகுதி. போருக்கு ஈடு கிடையாதென்பது மட்டுமன்று, வீட்டுக்குத் தீ வரும் வழியும் அதுவே.

நான்காவது மின்சாரச் சாதனங்கள். மின்னழுத்தம் ஏறியோ உள்கம்பி உராய்ந்தோ தொலைக்காட்சி கருகினால் அச்சாதனத்திற்கு ஈடு இல்லை. அதிலிருந்து தீ கிளம்பிப் பீரோவும் கூரையும் எரிந்தால் பீரோவுக்கும் கூரைக்கும் உண்டு.

ஐந்தாவது, கரிசல் கிராமங்களுக்கு முக்கியமானது, சுவர் வெடிப்பு. நிலம் உள்ளிறங்குதல் பாலிஸியில் அடங்கும் என்று மேலே கூறப்பட்டது. ஆனால் புதுக்கட்டிடம் படிவதால் உண்டாகும் சாதாரண வெடிப்பு, மண்ணிட்டு நிரப்பிய பள்ளத்தின் மீது கட்டியதால் நேரும் அமிழ்வு, தரக்குறைவான சாமான், தவறான கட்டுமானம், ஆற்றங்கரை அரிப்பு, அருகே தோண்டுதலால் நேரும் அசைவு ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. சிமெண்டுத் தொழிலுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் மலிந்த இந்த ஜில்லாவில் தோண்டுதல் என்னும் இச்சொல் கவனிக்கத் தக்கது. சுரங்கத்தருகே வீடு அசைந்து பிளந்தால், பாலிஸியை நம்பியிராமல் ஜில்லா அதிகாரிகளிடமும் சுரங்க இலாகாவிடமும் முறையிடுவதே வழி. கொள்ளிடக்கரையிலும் ஒரு பேதம் உண்டு. வெள்ளம் ஏறிச் சுவர் விழுந்தால் ஈடு கிடைக்கும். ஆறு கரையைத் தின்று தின்று வீட்டுமனையையே கொண்டுபோனால் கிடைப்பது அரிது.

எத்தொகைக்கு எடுப்பது?

மனையின் விலையை வீட்டின் விலையோடு சேர்த்துச் சொல்வது பொதுவாக நேரும் பிழை. மனை எரிவதுமில்லை, இடிவதுமில்லை. அதே வீட்டை இன்றைக்குத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுவே காப்புத் தொகை. உதாரணமாக, ஜெயங்கொண்டம் கடைத்தெரு அருகே மனையோடு இருபத்தைந்து லக்ஷம் பெறும் 600 சதுர அடி வீடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சதுர அடிக்கு ரூ. 2,000 வீதம் கட்டும் செலவு ரூ. 12,00,000 ஆகின்றது. பாலிஸி எடுக்கவேண்டிய தொகை இதுவே. இதன்மேல் நூற்றுக்கு 20 ஆகிய ரூ. 2,40,000 வரை வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். இருபத்தைந்து லக்ஷத்திற்கு எடுத்தவர் பிரீமியம் அதிகம் கட்டினவராவாரேயன்றி ஈடு அதிகம் பெறுபவரல்லர்.

குறைத்து எடுப்பதில் முன்பு பெரிய அபாயம் இருந்தது. பன்னிரண்டு லக்ஷ வீட்டை ஆறு லக்ஷத்திற்கு எடுத்தவருக்கு ஒரு லக்ஷம் நஷ்டம் வந்தால், பாதிதானே காப்புச் செய்தீர் என்று கூறி ஐம்பதினாயிரமே கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் குறைப்பு ரத்துசெய்யப்பட்டுவிட்டது. ஒரு லக்ஷம் நஷ்டமானால் ஒரு லக்ஷமும் உண்டு. எனினும் வீடு முழுதும் அழிந்தால் எழுதிய தொகைக்கு மேல் ஒரு காசும் வராது. செங்கலும் கம்பியும் கூலியும் வருஷத்துக்கு வருஷம் ஏறுவதை எண்ணி, பத்து வருஷம் வரை ஒரே தடவையில் பாலிஸி எடுக்க இடமளிக்கப்பட்டுள்ளது. அவ்விதம் எடுத்தால் காப்புத் தொகை வருஷத்திற்கு நூற்றுக்கு 10 வீதம் கூடுதல் பிரீமியம் இன்றியே ஏறிவரும்.

விண்ணப்பத்தில் உண்மை

இன்ஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மீது நிற்பது. கேட்ட கேள்விக்கு ஒளிவு மறைவின்றி விடை எழுதவேண்டும். கெட்டி வீட்டின் பின்புறம் கீற்றுக்கொட்டகை இறக்கி அதில் விறகடுப்பு வைத்திருப்பது இவ்வூர்ப் பக்கம் சாதாரணம். ஓலை, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் இவற்றால் ஆன சுவரோ கூரையோ உடையதைக் கச்சாக் கட்டிடம் என்று கம்பெனிகள் வகைப்படுத்துகின்றன. அதன் அபாயம் வேறாதலால் பிரீமியமும் நிபந்தனையும் வேறாகும். முகப்பைப் படமெடுத்துக் கொடுத்துக் கொட்டகையைச் சொல்லாமல் விடுவதால் மிஞ்சுவது சில ரூபாய். பின்னர் அக்கொட்டகையிலிருந்தே தீ கிளம்பினால் போவது அனைத்தும். ஓலைக்கூரையின் தீ எவ்வளவு வேகமுள்ளது என்பதை, 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கொள்ளிடத்துக்கு அப்பால் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித் தீயால் தமிழ்நாடு முழுதும் அறிந்தது.

வீட்டிலேயே முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் தொழில் செய்பவர்களும் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும். முந்திரித் தோட்டிலுள்ள எண்ணெய் எளிதில் தீப்பற்றுவது; குடியிருப்புக்கென எடுத்த பாலிஸியில் இத்தொழில் அடங்கியதாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளாது.

மற்றொரு சிக்கல் வீடு யாருடையது என்பது. தாத்தா பெயரில் நத்தம் பட்டாவும், பெரியப்பா பெயரில் வீட்டு வரி ரசீதும், தம்பி பெயரில் மின் இணைப்பும் உள்ள வீடுகள் அநேகம். வீடு அழிந்தால் யாருக்கு நஷ்டமோ அவரே அதைக் காப்புச் செய்ய உரிமையுடையவர். பங்காளிகள் கூடி வாழும் வீடாயின் உரிமையுள்ள எல்லோர் பெயரையும் சேர்த்து எடுப்பது மேல். பாகம் பிரிந்திருந்தால் அவரவர் பாகத்தை அளவு குறித்து எடுக்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டிடத்தை விட்டுத் தம் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரீமியம் கம்பெனியைச் சேர்ந்த பிறகே பொறுப்பு ஆரம்பமாகின்றது. 1938-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 64-வி.பி. பிரிவு இதனைத் திட்டமாகக் கூறுகின்றது. ஏஜண்டிடம் நாளைக்குத் தருகிறேன் என்று வாய்ச்சொல்லாக நிற்பது பாலிஸி ஆகாது.

நஷ்டம் நேர்ந்தால்

முதலில் உயிர், பிறகு 112 அல்லது 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்திற்குச் செய்தி. அன்றைக்கே கம்பெனிக்கும் தொலைபேசியில் தெரிவித்து, அவர்கள் கொடுக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். கிராம நிர்வாக அதிகாரிக்கும், தீவைப்பு, கலகம், களவு சம்பந்தப்பட்டிருந்தால் போலீஸுக்கும் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுத்து மூலமான கோரிக்கை நஷ்டத்தை முதன்முதல் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சேரவேண்டும். கம்பெனியின் ஸர்வேயர் வருவதற்கு முன் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, கருகிய பீரோவைப் பழைய இரும்புக்கு விற்றுவிடுவது நம்மவர் வழக்கம். துக்கத்தின் அடையாளம் கண்ணில் படவேண்டாம் என்று செய்வதாயினும் அது ஆதாரத்தை அழிப்பதாகும். எரிந்த பொருள்களை ஓரமாகக் குவித்துப் படம் எடுத்துவைத்தல் வேண்டும். அதே சமயம், திறந்த கூரைக்குத் தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் காப்பதும் வீட்டாரின் கடமையே. அதற்காக ஸர்வேயரை எதிர்பார்த்து நிற்கவேண்டுவதில்லை.

பாலிஸியையும் வீட்டு வரி ரசீதையும் எந்த வீட்டைக் காப்புச் செய்தோமோ அதே வீட்டின் தகரப் பெட்டியில் வைத்து, இரண்டையும் சேர்த்து எரியக் கொடுத்தவர்கள் உண்டு. அவற்றின் படத்தை வெளியூரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ கைபேசியில் அனுப்பிவைத்தால் போதும். வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, அறை அறையாக வீட்டையும் சாமான்களையும் படம் எடுத்து அதே விதமாக அனுப்பிவைப்பது, பின்னால் இருந்ததை இருந்ததென்று காட்ட மிகவும் உதவும்.

ஸர்வேயரின் மதிப்பு குறைவென்று தோன்றினால், காரணத்தை எழுத்தில் கேட்டு, மேஸ்திரியின் மதிப்பீட்டையும் கடை விலைச்சீட்டுக்களையும் இணைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனுச் செய்யலாம். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமும் வக்கீலும் வேண்டுவதில்லை. தமிழில் எழுதிய மனுவோடு பாலிஸியின் நகலும் கம்பெனியின் பதிலும் இருந்தால் போதும். கம்பெனி கோரிக்கையை மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்திற்குள் அம்மனு சேரவேண்டும்.